மிஞ்சிய ஆற்று நீரை மண்ணுக்குள் சேமித்த அரிசோனா

அமெரிக்காவின் தென்மேற்கில் இருக்கும் அரிசோனா ஒரு பாலைவன மாநிலம். அதன் தலைநகரான ஃபீனிக்ஸில் சராசரி ஆண்டு மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. அப்படிப்பட்ட மாநிலம் 1996இல் ஒரு சட்டம் போட்டது. கொலராடோ ஆற்றில் தனக்கு உரிமை இருந்தும் பயன்படுத்தாமல் விட்டுக்கொண்டிருந்த நீரை வாய்க்கால் வழியே கொண்டுவந்து நிலத்தடியில் இறக்க வேண்டும். வறட்சி வரும் ஆண்டுகளில் அதை மேலே எடுத்துக்கொள்ளலாம். சட்டத்தின் சாரம் இவ்வளவுதான். இதை நடத்துவதற்கு அரிசோனா நீர் வங்கி ஆணையம் என்ற அமைப்பு உருவானது.

சரியாக 25 ஆண்டுகள் கழித்து, 2021 ஆகஸ்டில், கொலராடோ ஆற்றின் கீழ்ப்படுகைக்கு அமெரிக்க அரசு வரலாற்றிலேயே முதல்முறையாகப் பற்றாக்குறை அறிவித்தது. மற்ற எல்லா மாநிலங்களையும்விட அதிகமாக வெட்டு வாங்கியது அரிசோனாதான். அந்த நேரத்தில் அதன் நிலத்தடியில், பக்கத்து மாநிலமான நெவாடாவுக்காகச் சேர்த்ததையும் கணக்கிட்டால், 40 லட்சம் ஏக்கர்-அடிக்கு மேல் வங்கி நீர் இருந்தது.

ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீர்தான் ஓர் ஏக்கர்-அடி. அமெரிக்க மேற்கில் நீர்க்கணக்கு எல்லாமே இதில்தான் நடக்கும். நமக்குப் பழகிய டிஎம்சியில் சொன்னால் பத்து லட்சம் ஏக்கர்-அடி என்பது சுமார் 43.5 டிஎம்சி. அப்படியானால் அரிசோனா மண்ணுக்குள் வைத்திருந்தது 174 டிஎம்சிக்கு மேல். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. கிட்டத்தட்ட இரண்டு மேட்டூர் அளவு நீர், ஒரு சொட்டுகூட வெயிலில் ஆவியாகாமல், கண்ணுக்குத் தெரியாமல் கிடந்தது.

இந்தத் திட்டத்தைப் புகழ்பவர்கள் குளம் வெட்டி நீரை ஊறவிடும் தொழில்நுட்பத்தைத்தான் அதிகம் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் அது இதில் சுலபமான பாதி. மண்ணுக்குள் போன நீர் யாருடையது, அதை எவ்வளவு காலத்துக்குப் பிறகு, எங்கிருந்து, யார் எடுக்கலாம் என்று சட்டமாக எழுதியதும், ஆற்றில் நீர் தாராளமாக ஓடிய ஆண்டுகளிலேயே மக்களிடம் வரி வாங்கி இதற்குச் செலவழித்ததும்தான் கடினமான பாதி. வறட்சி வந்த பிறகு எந்த அரசும் பணம் ஒதுக்கும். அப்போது சேமிக்க நீர் இருக்காது.

உரிமை இருந்தது, வாய்க்கால் இல்லை

கொலராடோ ஆறு ஏழு அமெரிக்க மாநிலங்களுக்கும் மெக்சிகோவுக்கும் பொதுவானது. 1922இல் ஏழு மாநிலங்களும் போட்ட உடன்பாடு ஆற்றை மேல்படுகை, கீழ்ப்படுகை என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி என்று ஒதுக்கியது. 1944இல் மெக்சிகோவுக்கு 15 லட்சம் தருவதாக ஒப்பந்தம் வந்தது. ஆக மொத்தம் 165 லட்சம். அந்த உடன்பாடு எழுதப்பட்ட காலத்துக்குச் சற்று முந்தைய ஆண்டுகள் வழக்கத்தைவிட நல்ல மழை பெய்த ஆண்டுகள். ஆறு எப்போதும் அப்படியே ஓடும் என்று நம்பிவிட்டார்கள். 2000க்குப் பிறகு ஆற்றின் சராசரி வரத்து 125 லட்சத்தை ஒட்டித்தான் இருக்கிறது. இன்றைய சிக்கல்கள் பலவற்றுக்கும் வேர் இங்கே இருக்கிறது.

கீழ்ப்படுகையின் பங்கை 1928இல் வந்த மத்தியச் சட்டம் கலிஃபோர்னியாவுக்கு 44 லட்சம், அரிசோனாவுக்கு 28 லட்சம், நெவாடாவுக்கு 3 லட்சம் என்று பிரித்துக் காட்டியது. அரிசோனாவுக்கு இதில் திருப்தி இல்லை. 1922 உடன்பாட்டையே அது 1944 வரை ஏற்கவில்லை. 1934இல், கலிஃபோர்னியாவுக்கு நீர் கொண்டுபோகும் பார்க்கர் அணையின் கட்டுமானத்தைத் தடுக்க, அரிசோனா ஆளுநர் பெஞ்சமின் மோர் மாநிலப் படையையே ஆற்றங்கரைக்கு அனுப்பினார். 1952இல் அரிசோனா கலிஃபோர்னியா மீது உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 1963இல் தீர்ப்பு வந்து 28 லட்சம், அதாவது சுமார் 122 டிஎம்சி, உறுதியானது.

ஆனால் ஆறு ஓடுவது மாநிலத்தின் மேற்கு எல்லையில். மக்களும் வயல்களும் இருப்பது நடுவில், நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, ஆற்றைவிட உயரமான நிலத்தில். நீரை அங்கே கொண்டுசேர்க்க வாய்க்கால் வேண்டும். 1968இல் மத்திய அரிசோனா திட்டத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. கலிஃபோர்னியாவின் உறுப்பினர்கள் அதற்கு ஒரு விலை கேட்டார்கள்: பற்றாக்குறை வந்தால் கலிஃபோர்னியாவின் 44 லட்சம் முதலில் கொடுக்கப்பட வேண்டும், அரிசோனாவின் புதிய வாய்க்கால் அதற்குப் பின்னால்தான் வரிசையில் நிற்க வேண்டும். வேறு வழியில்லாமல் அரிசோனா ஒப்புக்கொண்டது. நீர் வங்கியின் கதையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு நிபந்தனையை மனதில் வைத்திருந்தால் போதும். ஃபீனிக்ஸும் டூசானும் குடிக்கும் ஆற்று நீர், ஆறு வற்றினால் முதலில் நிறுத்தப்படும் வரிசையில் இருக்கிறது என்பது 1968லேயே எல்லோருக்கும் தெரியும்.

1973இல் தொடங்கிய வேலை 1993இல் முடிந்தது. ஹவாசு ஏரியில் ஆரம்பித்து டூசானுக்குத் தெற்கு வரை 336 மைல் வாய்க்கால். வழியில் நீரை மொத்தம் 2,900 அடி உயரத்துக்கு இறைத்து ஏற்ற வேண்டும். செலவு சுமார் 400 கோடி டாலர். ஆண்டுக்கு 15 லட்சம் ஏக்கர்-அடி, அதாவது சுமார் 65 டிஎம்சி கொண்டுவரக்கூடிய வாய்க்கால்.

வாய்க்கால் வந்தது, வாங்க ஆள் இல்லை. முதல் சில பத்தாண்டுகளுக்கு விவசாயிகள்தான் பெரும்பகுதி நீரை வாங்குவார்கள், பிறகு நகரங்கள் வளர வளர அவை எடுத்துக்கொள்ளும் என்பது திட்டம். அந்தக் கணக்கு தப்பியது. இவ்வளவு உயரத்துக்கு இறைத்துக் கொண்டுவரும் நீரின் விலை, தன் கிணற்றில் மோட்டார் போட்டு எடுக்கும் நீரின் விலையைவிடக் கூடுதல். பருத்தி விலையும் கைகொடுக்கவில்லை. பாசன மாவட்டங்கள் கடனில் தத்தளித்தன. நகரங்களோ இன்னும் அந்த அளவுக்கு வளரவில்லை. பல பத்தாண்டு சண்டை போட்டு வாங்கிய நீரில் பெரும் பகுதி ஆண்டுதோறும் ஆற்றிலேயே கிடந்தது.

அதை யார் எடுத்தார்கள்? கலிஃபோர்னியாதான். ஒரு மாநிலம் பயன்படுத்தாத பங்கை அந்த ஆண்டுக்கு மட்டும் இன்னொரு மாநிலத்துக்குத் தர மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. அதனால் நிரந்தர உரிமை எதுவும் உருவாகாது என்றும் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பாணை தெளிவாகச் சொல்கிறது. ஆனாலும் கலிஃபோர்னியா தன் 44 லட்சத்தைத் தாண்டி 50 லட்சத்துக்கு மேலும் எடுத்துப் பழகியிருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியகோ வட்டாரங்களில் கோடிக்கணக்கான மக்கள் அந்த நீரை நம்பியிருந்தால், சட்டத்தில் என்ன எழுதியிருந்தாலும் நாளை அதைத் திருப்பிக் கேட்பது அரசியலில் எவ்வளவு கடினம் என்று அரிசோனாவுக்குத் தெரியும். அதைவிட எளிய உண்மை ஒன்றும் உண்டு. உரிமை காகிதத்தில் பத்திரமாக இருக்கலாம். இந்த ஆண்டு எடுக்காத நீர் அடுத்த ஆண்டு திரும்பி வராது.

வற்றிய நிலத்தடி, காலியான இடம்

சரி, எடுத்து எங்கே வைப்பது? ஆற்றில் ஏற்கெனவே பிரம்மாண்டமான அணைகள் இருக்கின்றன. ஆனால் ஹூவர் அணையின் மீட் ஏரியில் விட்டுவைத்த நீர் அன்றைய விதிப்படி அரிசோனாவின் கணக்கில் நிற்காது, பொதுவில் கலந்துவிடும். அதோடு அந்த ஏரியிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 6 அடி உயர நீர் வெயிலில் ஆவியாகிவிடுகிறது.

இடம் காலடியிலேயே இருந்தது. நடு அரிசோனாவின் பள்ளத்தாக்குகள் மலைகளிலிருந்து அரித்துவந்த சரளையும் மணலும் களிமண்ணும் ஆயிரக்கணக்கான அடி ஆழத்துக்கு நிரம்பியவை. அந்தத் துகள்களின் இடைவெளியில் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த நீரை, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பருத்தியும் நகரங்களுமாகச் சேர்ந்து உறிஞ்சித் தீர்த்தார்கள். 1970களின் இறுதியில் மாநிலம் முழுவதும், மழையால் திரும்புவதைவிட ஆண்டுக்கு 20 லட்சம் ஏக்கர்-அடிக்கு மேல் கூடுதலாக நீர் எடுக்கப்பட்டது. சில இடங்களில் நீர்மட்டம் பல நூறு அடி இறங்கியது. பினால் வட்டாரத்தில் எலோய் என்ற ஊரருகே நிலமே 15 அடிக்கு மேல் தாழ்ந்தது. பூமியில் நீளநீளமான வெடிப்புகள் விழுந்தன.

இந்த அழிவைத் தடுத்தது 1980இன் நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டம். அதன் பின்னணியில் ஒரு மிரட்டல் இருந்தது. நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தாவிட்டால் வாய்க்காலுக்குப் பணம் வராது என்று மத்திய உள்துறை (அமெரிக்காவில் நிலமும் நீர்த் திட்டங்களும் இந்தத் துறையிடம்தான்) அமைச்சர் செசில் ஆண்ட்ரஸ் சொல்லிவிட்டார். ஆளுநர் புரூஸ் பாபிட் விவசாயிகள், சுரங்கக்காரர்கள், நகராட்சிகள் மூவரையும் மாதக்கணக்கில் உட்காரவைத்துப் பேசி இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார். ஃபீனிக்ஸ், டூசான், பினால், பிரெஸ்கட் ஆகிய வட்டாரங்களில் புதிய பாசன நிலத்துக்குத் தடை, பெரிய கிணறுகளுக்கு மீட்டர், ஆண்டு அறிக்கை. புதிதாக வீட்டு மனை போடுகிறவர், 100 ஆண்டுகளுக்குப் போதுமான நீர் இருக்கிறது என்று நிரூபித்தாக வேண்டும்.

இந்த அடித்தளம் இல்லாமல் நீர் வங்கி நடந்திருக்கவே முடியாது என்பது என் உறுதியான எண்ணம். நான் ஓர் இடத்தில் நீரை இறக்குகிறேன். பக்கத்து நிலத்துக்காரர் அன்றிரவே ஆழ்துளைக் கிணறு போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்றால் யார் சேமிப்பார்கள்? ஒவ்வொரு பெரிய கிணற்றுக்கும் கணக்கு இருக்கும் இடத்தில்தான் இன்னொருவரின் சேமிப்புக்குக் கணக்கு வைக்க முடியும்.

டூசானில் வந்த துருப்பிடித்த நீர்

மண் வழியாக அனுப்பிச் சேமிக்கும் முறைக்கு மக்களின் ஆதரவு திரண்டதில் டூசான் நகரத்துக்குத் தனிப் பங்கு உண்டு. அதுவரை முழுக்க நிலத்தடி நீரையே குடித்துவந்த நகரம் அது. 1992இல் வாய்க்கால் நீரைச் சுத்திகரித்து நேராக வீடுகளுக்கு அனுப்பினார்கள். புதிய நீரின் வேதித்தன்மை வேறு. பழைய இரும்புக் குழாய்களின் உட்புறம் படிந்திருந்த துருவை அது கரைத்துக்கொண்டு வந்தது. ஆயிரக்கணக்கான வீடுகளில் குழாயைத் திறந்தால் பழுப்பும் ஆரஞ்சுமாக நீர் கொட்டியது. வெந்நீர்க் கொதிகலன்கள் பழுதாயின, குழாய்கள் ஒழுகின. மக்கள் கொதித்துப்போனார்கள். 1994இல் விநியோகம் நின்றது. 1995இல் நடந்த வாக்கெடுப்பில், இந்த நீரை நிலத்தடி நீருக்கு இணையான தரத்துக்குக் கொண்டுவராமல் நேரடியாக வீடுகளுக்கு அனுப்பக் கூடாது என்று வாக்காளர்கள் தடை போட்டார்கள்.

நகரம் வேறு வழி தேடியது. மேற்கே ஆவ்ரா பள்ளத்தாக்கில் கைவிடப்பட்ட விவசாய நிலங்களை நகராட்சி முன்பே வாங்கி வைத்திருந்தது. அங்கே பெரிய பாத்திகள் அமைத்து வாய்க்கால் நீரை விட்டார்கள். நீர் பல நூறு அடி மண்ணுக்குள் இறங்கி, ஏற்கெனவே இருந்த நிலத்தடி நீரோடு கலந்தது. அந்தக் கலவையைக் கிணறுகள் மூலம் எடுத்து, 2001 முதல் வீடுகளுக்குக் கொடுத்தார்கள். இந்த முறை எதிர்ப்பு இல்லை. அப்புறம் டூசான் தன் தேவையைவிட அதிகமான நீரை ஆண்டுதோறும் மண்ணில் இறக்கி, மாநிலத்திலேயே உறுதியான கையிருப்பு உள்ள நகரங்களில் ஒன்றாக ஆனது. ஒரு குறை மட்டும் நிரந்தரம்: கொலராடோ நீரில் லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் உப்பு கரைந்திருக்கிறது. டூசானின் பழைய நிலத்தடி நீர் அதைவிட நன்றாகவே இருந்தது. சேமிப்போடு சேர்ந்து உப்பும் ஆண்டுதோறும் மண்ணுக்குள் போகிறது.

வங்கி நடக்கும் விதம்

வங்கிக்குச் சொந்தமாக வாய்க்காலோ கிணறோ கிடையாது. மத்திய அரிசோனா திட்டத்தில் யாரும் வாங்காமல் மிஞ்சும் நீரை விலை கொடுத்து வாங்கி, மற்றவர்கள் நடத்தும் இடங்களில் இறக்குவதற்குக் கட்டணம் செலுத்துவதுதான் அதன் வேலையாக இருந்தது. இரண்டு வழிகளில் இறக்கியது.

முதலாவது, ஊறவிடும் பாத்திகள். ஃபீனிக்ஸுக்கு மேற்கே டோனோபா பாலைவனத்திலும், உப்பாற்றின் வறண்ட படுகையில் கிரானைட் ரீஃப் பகுதியிலும், டூசான் பக்கம் பீமா சுரங்கச் சாலையிலும் இப்படி இடங்கள் இருக்கின்றன. பாத்தியில் சில அடி உயரத்துக்கு நீரைத் தேக்கினால் தானாக இறங்கும். சில வாரங்களில் மெல்லிய வண்டலும் பாசியும் சேர்ந்து தரையில் ஏடு கட்டிவிடும்; ஊறும் வேகம் விழும். உடனே அந்தப் பாத்தியைக் காயவிட்டு, வெயிலில் ஏடு வெடித்ததும் மேல்மண்ணைக் கிளறிவிட்டு, மறுபடி நீர் விடுகிறார்கள். ஒன்று காயும்போது மற்றொன்று நிரம்பியிருக்கும். சுற்றிலும் கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும். நிலத்தடியில் நீர் ஒரே இடத்தில் குவிந்து மேடுபோல் எழும்பும். பக்கத்தில் பழைய குப்பைக் கிடங்கு இருந்தால் அதைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வழி கொஞ்சம் விசித்திரமானது, நான் இதை வெகுநேரம் யோசித்திருக்கிறேன். கிணற்று நீரை நம்பியிருக்கும் விவசாயியிடம் ஆணையம் போய், "உங்கள் மோட்டாரை நிறுத்துங்கள், அதற்குப் பதில் வாய்க்கால் நீரை மலிவாகத் தருகிறோம், மீதி விலையை நாங்கள் கட்டுகிறோம்" என்கிறது. விவசாயி ஒப்புக்கொண்டு, 1,000 ஏக்கர்-அடி வாய்க்கால் நீரை வாங்கிப் பாய்ச்சினால், அவர் எடுக்காமல் விட்ட 1,000 ஏக்கர்-அடி நிலத்தடி நீர் வங்கியின் கணக்கில் வரவாகிறது. ஒரு சொட்டு நீர்கூட மண்ணுக்குள் இறக்கப்படவில்லை. ஏற்கெனவே இருந்தது அப்படியே இருக்கிறது, அவ்வளவுதான். விவசாயிக்கும் செலவு குறைவு, பாத்தி வெட்டும் செலவும் இல்லை. ஆனால் அந்த விவசாயி உண்மையிலேயே அவ்வளவு நீரை இறைத்திருப்பாரா என்ற கேள்வி எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். மீட்டரும் நீண்டகாலப் பதிவேடும் இருப்பதால்தான் இந்தக் கணக்கை ஓரளவு நம்ப முடிகிறது.

இறக்கிய நீர் முழுவதும் வரவாகாது. ஆவியானதைக் கழித்து, பெரும்பாலான சேமிப்புகளில் 5 சதவீதத்தை நிலத்தடிக்கே விட்டுவிட வேண்டும். அதை யாரும் திரும்பக் கேட்க முடியாது. இந்தச் சிறிய விதி எனக்கு மிகவும் பிடித்தது. சேமிக்கிறவர் தனக்காகச் செய்யும் காரியத்தில் நிலத்துக்கும் ஒரு பங்கு போய்விடுகிறது. மிச்சம் நீண்டகாலச் சேமிப்பு வரவாக மாநில நீர்வளத் துறையின் ஏட்டில் ஏறும். இந்த வரவுக்குக் காலாவதி இல்லை. வாங்கலாம், விற்கலாம்.

பணம் எங்கிருந்து வந்தது? வாய்க்கால் பயன் பெறும் மூன்று மாவட்டங்களில் சொத்து மதிப்பில் ஒவ்வொரு 100 டாலருக்கும் 4 சென்ட் வரி. நிலத்தடி நீர் எடுப்பவர்களிடம் ஏக்கர்-அடிக்கு இரண்டரை டாலர் கட்டணம். கொஞ்ச காலத்துக்கு மாநிலப் பொதுநிதி. எந்த வட்டார வரியில் வாங்கிய நீரோ, அது அந்த வட்டாரத்துக்கே பயன்பட வேண்டும்.

நெவாடாவின் பங்கு தனிக் கதை. லாஸ் வேகஸ் நகரம் வேகமாக வளர, அதன் 3 லட்சம் ஏக்கர்-அடி ஒதுக்கீடு போதாது என்ற பயம் வந்தது. அரிசோனா மண்ணில் தனக்காகச் சேமிக்கும்படி அது பணம் கொடுத்தது. சுமார் 6 லட்சம் ஏக்கர்-அடி இப்படிச் சேர்ந்தது. நெவாடா கேட்கும்போது அந்த நீர் குழாயில் வடக்கே போகாது. அரிசோனா தன் மண்ணிலிருந்து அந்த அளவை எடுத்துத் தானே பயன்படுத்திக்கொண்டு, ஆற்றில் தனக்கு வரவேண்டியதில் அதே அளவை மீட் ஏரியில் விட்டுக்கொடுக்கும். நெவாடா அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். நீரால் சண்டை போட்ட மாநிலங்களுக்கு இடையே இப்படியொரு ஏற்பாடு சாத்தியமானது எனக்கு இன்றும் நம்பிக்கை தரும் செய்தி.

பற்றாக்குறை வந்தபோது

2000இல் தொடங்கிய வறட்சி முடியவே இல்லை. 2022 ஜூலையில் மீட் ஏரி, 1930களில் முதன்முதலாக நிரம்பிய காலத்துக்குப் பிறகான மிகத் தாழ்ந்த மட்டத்தைத் தொட்டது. அந்த ஆண்டு அரிசோனாவுக்கு 5,12,000 ஏக்கர்-அடி வெட்டு, அடுத்த ஆண்டு 5,92,000. 1968 நிபந்தனைப்படி அடி கிட்டத்தட்ட முழுவதும் மத்திய அரிசோனா திட்டத்தின் மேல்தான். அந்த வாய்க்காலில் வர வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு போனது.

நகரங்களின் குழாய்கள் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. வாய்க்காலுக்குள்ளேயே ஒரு வரிசை இருக்கிறது. கடைசியில் நிற்பவர்கள் பினால் மாவட்ட விவசாயிகள். முதல் அடி அவர்கள் மேல் விழுந்தது. நிலத்தைத் தரிசாகப் போட்டார்கள், பழைய கிணறுகளுக்கு மோட்டார் மாட்டினார்கள், புதுக் கிணறுகளுக்கு அரசே உதவியது. இதே விவசாயிகள்தான் இருபது ஆண்டுகளாக மோட்டாரை நிறுத்தி வங்கியின் கணக்கில் வரவு ஏற உதவியவர்கள். இப்போது அதே நிலத்தடியிலிருந்து அவர்கள் இறைக்கிறார்கள். வரவு ஏட்டில் குறையவில்லை, நீர்மட்டம் குறைகிறது. இந்த இடத்தில்தான் வங்கியின் பலவீனம் தெரிகிறது.

விதிப்படி ஓர் இடத்தில் இறக்கிய நீரை அதே மேலாண்மை வட்டாரத்துக்குள் வேறோர் இடத்தில் எடுக்கலாம். டோனோபா பாலைவனத்தில் இறக்கிவிட்டு, பல மைல் தள்ளி ஒரு நகராட்சி தன் கிணற்றில் எடுத்தால், ஒரு பக்கம் நிலத்தடி மேடாகும், இன்னொரு பக்கம் பள்ளமாகும். மண்ணுக்குள் நீர் நகரும் வேகம் மிக மிகக் குறைவு. மேடு தானாகப் பள்ளத்துக்கு வந்து சேரப் பல தலைமுறை ஆகலாம். கணக்கு சரியாக இருக்கும், கிணறு வற்றியிருக்கும். இந்த விதியை இறுக்க வேண்டும் என்பதே என் கருத்து. எடுக்கும் இடம் இறக்கிய இடத்தின் பாதிப்பு வட்டத்துக்குள் இருக்க வேண்டும், அல்லது எடுப்பவர் கூடுதலாக ஒரு பங்கை நிலத்துக்கு விட வேண்டும்.

திரும்ப எடுக்கும் வேலைக்கான ஆயத்தமும் சேமித்த வேகத்துக்கு வரவில்லை. கிணறுகள், குழாய்கள், மின்சாரம், யார் யாருக்கு எவ்வளவு என்ற ஒப்பந்தங்கள் எல்லாம் வேண்டும். மாநில நீர்வளத் துறையும் வாய்க்கால் நிர்வாகமும் ஆணையமும் சேர்ந்து 2014இல்தான் முதல் கூட்டுத் திட்டத்தை எழுதின. சேமிக்கத் தொடங்கி பதினெட்டு ஆண்டுகள் கழித்து.

அளவையும் மிகைப்படுத்தக் கூடாது. அரிசோனாவின் சொந்தக் கணக்கில் இருப்பது 35 லட்சம் ஏக்கர்-அடிக்கு மேல் என்றாலும், வாய்க்கால் முழுக் கொள்ளளவில் ஓராண்டு கொண்டுவருவதே 15 லட்சம். வாய்க்கால் ஒருநாள் முழுதாக நின்றால் இந்த இருப்பு மூன்று ஆண்டுகூட வராது. நகரங்களின் பங்கில் விழும் துண்டை மட்டும் நிரப்பினால் பல ஆண்டுகள் ஓடும். அதற்காகத்தான் இது உருவாக்கப்பட்டது. ஆற்றுக்கு மாற்றாக இதைப் பார்ப்பவர்கள் தப்புக் கணக்குப் போடுகிறார்கள்.

2023 ஜூனில் மாநில நீர்வளத் துறை வெளியிட்ட கணக்கு இதை இன்னும் தெளிவாக்கியது. அடுத்த 100 ஆண்டுகளில் ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் சுமார் 49 லட்சம் ஏக்கர்-அடி தேவையை நிலத்தடி நீரால் ஈடுகட்ட முடியாது என்று அது சொன்னது. நிலத்தடி நீரை மட்டும் காட்டிப் புதிய மனைகளுக்கு அனுமதி வாங்குவதை ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் அரசு நிறுத்தியது. 1980 சட்டம் தொடாத பகுதிகளோ மாநிலப் பரப்பில் பெரும்பகுதி. அங்கே ஆழமாகத் துளை போட முடிந்தவர் எவ்வளவும் எடுக்கலாம். மேற்கே பட்லர் பள்ளத்தாக்கில் மாநில நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, நிலத்தடி நீரில் குதிரைமசால் பயிரிட்டுச் சவூதி அரேபியாவின் மாடுகளுக்கு அனுப்பிய நிறுவனத்தின் குத்தகைகளை முடிவுக்குக் கொண்டுவர 2023இல் மாநிலம் நடவடிக்கை எடுத்தது. பின்னாளில் நகரங்களுக்கு நீர் கொண்டுபோகலாம் என்று சட்டமே அடையாளம் காட்டியிருந்த சில பள்ளத்தாக்குகளில் அதுவும் ஒன்று. ஒரு கையால் காசு கொடுத்துச் சேமித்துக்கொண்டே இன்னொரு கையால் இலவசமாக இறைக்கவிட்டது பெரிய தவறு.

மிச்சம் யாருக்கு மிச்சம்

பயன்படுத்தாத நீர் என்ற பேச்சிலேயே விட்டுப்போகும் இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் கிலா ஆற்றங்கரையில் பல நூற்றாண்டுகளாக வாய்க்கால் வெட்டி விவசாயம் செய்த அகிமெல் ஓஒதாம் என்ற பழங்குடி மக்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மேலே குடியேறியவர்கள் ஆற்றைத் திருப்பிவிட, அவர்களுடைய வயல்கள் வறண்டு பஞ்சம் வந்தது. ஒரு நூற்றாண்டு வழக்குகளுக்குப் பிறகு 2004இல் வந்த மத்தியச் சட்டம் கிலா ஆற்றுப் பழங்குடிச் சமூகத்துக்கு, எல்லா மூலங்களிலும் சேர்த்து, ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர்-அடி உரிமையை உறுதிசெய்தது. அதில் 3,11,800 வாய்க்கால் நீர். இன்று அந்த வாய்க்காலில் மிகப்பெரிய ஒதுக்கீடு அவர்களுடையது. அவர்கள் தங்கள் பங்கில் ஒரு பகுதியை கிலாவின் வறண்ட படுகையிலேயே விட்டு ஊறவைக்கிறார்கள். சேமிப்பு வரவும் கிடைக்கிறது, கூடை பின்னும் செடிகளும் பறவைகளும் ஆற்றோரத்துக்குத் திரும்பியிருக்கின்றன. கான்கிரீட் வாய்க்காலை ஒட்டிய பாத்தியைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னொருவர் ஆறேதான். அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் உள்ள அணைகளும் வாய்க்கால்களும் குடித்த பிறகு கொலராடோ 1960களிலிருந்து பெரும்பாலும் கடலைத் தொடுவதில்லை. மெக்சிகோவில் இருந்த பரந்த கழிமுகக் காடுகள் உப்பு வெளியாகிவிட்டன. 2014 வசந்தத்தில் இரு நாடுகளும் உடன்பட்டுச் சுமார் ஒரு லட்சம் ஏக்கர்-அடி நீரை அந்தக் கழிமுகத்துக்கு விட்டபோது, ஆறு மறுபடி கடலைத் தொட்டது. கரையோர ஊர்களில் ஆற்றைப் பார்த்தே இராத குழந்தைகள் அதில் இறங்கி விளையாடினார்கள். அணைக்குக் கீழே போகும் நீரையெல்லாம் வீண் என்று எழுதும் கணக்கில் இந்த இழப்புக்கு இடமே இல்லை.

கொலராடோவின் பற்றாக்குறையைப் பங்கிடும் 2007 விதிகள் 2026 முடிவில் காலாவதியாகின்றன. அதற்குப் பின்னான வெட்டு எவ்வளவு, யார் மேல் என்பதில் ஏழு மாநிலங்களும் இழுபறியில் இருக்கின்றன. அரிசோனாவின் வாய்க்கால் இன்னும் வரிசையின் கடைசியில்தான் நிற்கிறது. வாய்க்காலில் மிஞ்சும் நீர் என்று இப்போது எதுவும் இல்லாததால், ஆணையம் புதிதாக இறக்குவதற்குப் பதிலாக, மற்றவர்கள் முன்பு சேர்த்த வரவுகளை விலைக்கு வாங்கி இருப்பைக் கூட்டுகிறது. 1990களில் மிஞ்சிய நீராக மலிவாகக் கிடைத்ததற்கு, இன்று அதைவிடப் பல மடங்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.